புறாமலைக் கடலில் ஸ்நோர்க்கலா, ஸ்கூபாவா?

"அண்ணை, ரெண்டு நாள்தான் லீவு. திருகோணமலைக்கு வாறம். ஸ்நோர்க்கல் செய்யிறதோ, சிலிண்டர் போட்டு இறங்கிறதோ?"

மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் விடையையும் மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்: காசு இருந்தால் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு இறங்குவது), இல்லாவிட்டால் ஸ்நோர்க்கல் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்து பார்ப்பது). ஸ்கூபாவில் தெரிவதுதான் அசல் கடல், ஸ்நோர்க்கல் சின்னப் பிள்ளைகளுக்கானது என்றொரு எண்ணம். இரண்டிலும் பல பருவங்கள் கடலுக்குள் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணம் பிழை. கடலின் உயிர்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும்.

முதலில் ஒரு திருத்தம். இங்கே தெரிவு இரண்டல்ல, மூன்று. ஸ்நோர்க்கல் ஒன்று. படிப்பு எதுவும் இல்லாமல், ஆசிரியர் ஒருவரின் பிடியில் ஒரு காலைப்பொழுதில் இறங்கி ஏறும் 'அறிமுக' ஸ்கூபா இன்னொன்று. மூன்று, நான்கு நாள் படித்துச் சான்றிதழ் எடுத்துவிட்டுச் செய்யும் ஸ்கூபா மூன்றாவது. பயணிகள் ஆசைப்படுவது மூன்றாவதன் படங்களைப் பார்த்து; காசு கட்டுவது இரண்டாவதற்கு. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

முழங்கால் நீரில் சுறா

புறாமலை, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் கூடு கட்டும் இடம் என்பதால் அந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்கா ஆனது. ஸ்நோர்க்கலுக்கு இதைவிடத் தோதான இடத்தை நான் கண்டதில்லை. காரணம் எளிது: பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இங்கே ஆழம் குறைந்த நீரில் இருக்கிறது. முருகைக்கல்லுக்கு, அதாவது பவளப்பாறைக்கு, வெயில் வேண்டும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில்தான் உணவு செய்கின்றன. ஆகவே முருகைக்கல்லும், அதை நம்பி வாழும் மீன்களும் மேல்நீரில்தான் அடர்ந்து கிடக்கும். அதைப் பார்க்க முதுகில் சிலிண்டர் வேண்டியதில்லை.

செட்டை நுனி கறுத்த சுறாக்களை நான் முதன்முதல் கண்டது இங்கேதான். நீர் இடுப்பளவுகூட இல்லை. முகத்தை நீரில் வைத்து, கைகளை நெஞ்சோடு சேர்த்து, அசையாமல் மிதந்துகொண்டிருந்தேன். மணலில் ஒரு நிழல் போனது. நிழலுக்குப் பிறகுதான் மீனைக் கண்டேன்: என் கை நீளம்தான் இருக்கும், முதுகுச் செட்டையின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோலக் கறுப்பு. ஒருதரம் சுற்றி வந்தது. நான் குழாயில் சற்று வேகமாக ஊதியதும் வாலை ஒரு வீச்சு வீசி மறைந்துவிட்டது. வளர்ந்தவை ஒன்றரை மீற்றர் அளவுக்கு வரும். அவையும் மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சாதிதான்.

இந்த அமைதி ஸ்நோர்க்கலின் பெரிய சொத்து. ஸ்கூபாவில் ஒவ்வொரு வெளிமூச்சும் குமிழிக் கூட்டமாக இரைந்துகொண்டு மேலே போகும். கூச்சமுள்ள மீன்களுக்கு அது போதும், நாங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்நோர்க்கலில் மூச்சின் சத்தம் நீருக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கீழே கிளிமீன் முருகைக்கல்லைக் கடிக்கும் 'கறுக், கறுக்' சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். கடித்த கல்லை அரைத்து, தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மணலாக வெளியே விடுகிறது அந்த மீன். நீங்கள் கால் வைத்து வந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

கடலாமை விஷயத்திலும் ஸ்நோர்க்கல்காரருக்கே வாய்ப்பு அதிகம். ஆமைக்கும் மூச்சு மேலேதான். புல்லையோ பஞ்சுயிரியையோ மேய்ந்துகொண்டிருந்தது தலையை நிமிர்த்தி மேலே வரும்போது, நாங்கள் ஏற்கெனவே அங்கே மிதந்துகொண்டிருப்போம். வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றால் இரண்டு கை தூரத்தில் மூக்கை வெளியே நீட்டி, ஒரு மூச்சை விட்டு, ஒன்றை இழுத்துக்கொண்டு திரும்ப இறங்கும்.

நிறமும் அப்படியே. நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து, பத்து மீற்றருக்குள் சிவப்பு மங்கிப்போய்விடும். இன்னும் கீழே போகப் போக நீலம்தான் மிஞ்சும். கைவிரலில் வெட்டுப்பட்டால் இருபது மீற்றரில் இரத்தம் கருமையாகத் தெரியும். ஸ்நோர்க்கல் செய்கிறவர் பார்ப்பது முழு வெயிலில், முழு நிறத்தில். ஸ்கூபாவில் அந்த நிறம் வேண்டுமென்றால் ரோர்ச் கொண்டுபோக வேண்டும்.

சிலிண்டர் தருவது நேரத்தை

அப்படியென்றால் ஸ்கூபா எதற்கு? ஆழத்துக்கு என்று பலர் சொல்வார்கள். நான் நேரத்துக்கு என்பேன். ஓரிடத்தில், ஒரே உயரத்தில், அசையாமல் நிற்கக் கிடைக்கும் நேரம்.

ஒரு கணக்குப் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (கரையில் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கு) காற்று அடைத்தால், வெளிக்கணக்கில் 2,400 லீற்றர். (பலர் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்பார்கள், உள்ளே இருப்பது நாங்கள் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்றுதான்.) 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் 1,800 லீற்றர் மிச்சம். நிதானமாக மூச்சுவிடும் ஒருவருக்குக் கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் போதும் என்று வைப்போம். பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர். அதாவது 45 நிமிடம். இருபது மீற்றரில் அது 30 நிமிடம். பதற்றப்பட்டால் இன்னும் குறையும். ஆகவே ஆழம் போகப் போக, நான் பெரிதாக மதிக்கும் அந்த நேரம் கரைகிறது. பத்துப் பன்னிரண்டு மீற்றரில் ஒரு பாறையோரம் தங்குவதுதான் எனக்குப் பிடித்த ஸ்கூபா.

அப்படித் தங்கியபோது கண்டது இது. மேசை அளவான ஒரு பாறை. அதன் விளிம்பில் விரல் நீளத்தில், உடல் நெடுகக் கருங்கோடும் நீலமும் ஓடிய இரண்டு சின்ன மீன்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் ஒரு களவாய் மீன் வந்தது. என் தொடைப் பருமன். வந்து, செட்டையை அசைக்காமல் நின்று, வாயைத் திறந்தது. சின்னது வாய்க்குள் போனது. பல்லிடுக்கை, நாக்கை, கொடுப்பின் உள்பக்கத்தைக் கொத்திக்கொண்டே போய் செவுள் வழியாக வெளியே வந்தது. களவாய் நிறம் சற்று வெளிறிப்போய், மயங்கினதுபோல நின்றது. பின்னால் இன்னும் இரண்டு மீன்கள் காத்திருந்தன. ஒட்டுண்ணிகளைத் தின்று வயிறு வளர்க்கும் துப்புரவு மீன்கள் அவை. அந்தப் பாறை அவற்றின் கடை. ஒன்பது நிமிடம் பார்த்தேன். மேலே மிதந்தபடி இதைப் பார்த்திருந்தால், மீன்கள் சில கூடியிருக்கின்றன என்பதற்குமேல் எனக்கு எதுவும் விளங்கியிராது.

ஒரு இடத்தைப் பார்ப்பதற்கு ஸ்நோர்க்கல் போதும்; ஒரு உயிரின் நடத்தையைப் பார்க்க ஸ்கூபா வேண்டும். வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை (பாம்புபோல நீண்ட மீன்) மிரட்டவில்லை, மூச்சுவிடுகிறது என்பது பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்தால்தான் புரியும்.

இடமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரம் கடலுக்குள் பெரும் பாறைகளாக இறங்கிப் போகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956 அளவில் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் போன்ற சுழியோடிகள் அந்த நீரில்தான் கண்டார்கள். செதுக்கிய கல்லின் மேல் பஞ்சுயிரி படர்ந்திருக்க, அதன் இடுக்கில் சிங்கி இறால் மீசையை நீட்டிக்கொண்டிருக்கும் காட்சிக்கு சிலிண்டர் வேண்டும். அதேநேரம் சிலிண்டருக்கும் எல்லை உண்டு. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். அது தனிப்பயிற்சி பெற்றவர்களின் உலகம்.

மூச்சை அடக்கலாமா?

இரண்டுக்கும் இடையில் உயிர்போகும் வேறுபாடு ஒன்று உண்டு. ஸ்நோர்க்கலில் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கலாம். மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்கும், வரும்போது பழைய அளவுக்கே விரியும். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காகச் செய்தது இதைத்தான். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழியும். முதல் வகுப்பின் முதல் பாடம் இதுதான்: மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது நைதரசன். ஆழத்தில் அது உடலுக்குள் கரையும். அவசரமாக ஏறினால், திறந்த சோடாப் போத்தல்போலக் குமிழியாகும். வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு நாளுக்குப் பலமுறை இறங்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் கால் விளங்காமல் போனது இதனால்தான். உழைப்புக்காக இறங்குகிறவர்களுக்கு ஒழுங்கான பயிற்சியும் ஆழமானியும் கிடைக்காமல், உல்லாசத்துக்கு இறங்குகிறவர்களுக்கு எல்லாம் கிடைப்பது எனக்கு ஆறாத வருத்தம். உங்களுக்கு அவை கிடைக்கும்போது மதியுங்கள்: நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதீர்கள், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

ஸ்நோர்க்கலை ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் பிழை. தனியே போவது, நீரோட்டத்தை அறியாமல் தீவின் மறுபக்கம் சுற்றப் போவது, வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு ஆழம் பார்க்க இறங்குவது, இவை மூன்றும் ஆளைக் கொல்லும். கடைசியானது மயக்கத்தை முன்னறிவிப்பே இல்லாமல் கொண்டுவரும். படகுகள் வந்துபோகும் பாதையும் கவனம்.

அறிமுக ஸ்கூபாவை ஏன் பரிந்துரைப்பதில்லை

என் முதல் அனுபவம் அதுதான். எங்கே என்பது வேண்டாம். கரையில் பத்து நிமிட விளக்கம். பிறகு தோளைப் பிடித்து இறக்கினார்கள். காது வலிக்கிறது என்று கையால் காட்டினேன். ஆசிரியர் 'சரிதானே' என்று கேட்பதாக நினைத்து, நான் 'சரி' என்பதற்கான, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்த வட்டத்தைத் திரும்பக் காட்டிவிட்டேன். இன்னும் இறங்கினோம். ஒரு கிழமை காது அடைத்துக் கிடந்தது. கடலுக்குள் என்ன பார்த்தாய் என்று அம்மா கேட்டபோது சொல்ல என்னிடம் ஒரு மீன்கூட இல்லை. என் கண்ணாடிக்குள் ஏறிய தண்ணீரைத்தான் முழு நேரமும் பார்த்திருக்கிறேன்.

நல்ல ஆசிரியர் கிடைத்தால் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் அமைப்பே அப்படி. 12 மீற்றருக்கு மேல் இறக்க மாட்டார்கள், அது சரியான விதி. மிதப்பைக் கட்டுப்படுத்துவது அவர் கையில். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது அவர் கையில். ஸ்கூபாவின் ஒரே பெரிய கொடை தங்கி நிற்கும் நேரம் என்றேன். அறிமுக ஸ்கூபாவில் கிடைக்காதது அதுதான். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்ப்பதற்கு அது உதவும். உயிர்களைப் பார்க்க, அதே காசில் மூன்று நான்கு காலை ஸ்நோர்க்கலுக்குப் போவது எத்தனையோ மடங்கு மேல்.

சான்றிதழ்ப் படிப்பு வேறு. 200 மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். முடித்தால் 18 மீற்றர்வரை அனுமதி. காசு கூடத்தான், ஆனால் ஒருமுறைச் செலவு. ஆஸ்துமா, இருதய நோய், காதில் பழைய புண் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். தடிமன் பிடித்திருந்தால் யாரும் இறங்கக் கூடாது.

முருகைக்கல்லுக்கு எது அதிகக் கேடு என்றால், கூசாமல் சொல்கிறேன், நீந்தத் தெரியாத ஸ்நோர்க்கல்காரர். களைத்ததும் கால் ஊன்றுவார். ஊன்றும் இடம் உயிருள்ள கல். கிளை முருகைக்கல் வருடத்துக்குச் சில அங்குலம்தான் வளரும். ஒடிய ஒரு மிதி போதும். மிதப்புச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீளக்கை நீச்சல் சட்டை நல்லது. களிம்பு கடலில்தான் கரையும்.

ஆக, இரண்டு நாள் லீவில் வாறவருக்கு: ஸ்நோர்க்கல், இரண்டு நாளும். காலை முதல் படகில் போங்கள். மத்தியானம் காற்றெழுந்து நீர் கலங்குமுன், சனம் வந்து சேருமுன், சுறாவும் ஆமையும் உங்களுக்கே. நீந்த வராதவர் முதலில் அதைப் படியுங்கள். ஒரு கிழமை இருப்பவருக்கு: இரண்டு நாள் ஸ்நோர்க்கல், பிறகு படிப்பு. கண்ணாடிக்கும் வாய்மூச்சுக்கும் பழகிவிட்டவர் வகுப்பில் பாதிப் பயத்தைக் கரையிலேயே விட்டுவிடுவார். ஐப்பசியில் வாடை பிறந்துவிட்டால் இரண்டும் வேண்டாம். அடுத்த மே வரை பொறுங்கள்.

வரிசையில் ஒரு கவனம். பல தடவை சிலிண்டரோடு இறங்கியவர் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது விட வேண்டும். மலையேறுவதும் அதே கணக்குத்தான், நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஆகவே கட்டுநாயக்காவுக்கோ மலைநாட்டுக்கோ புறப்படுவதற்கு முந்தைய நாளை ஸ்கூபாவுக்கு வைக்காமல் ஸ்நோர்க்கலுக்கு வையுங்கள்.