முதுமையைத் தள்ளிப்போடும் டாக்டர்: பட்டத்தின் எடையும் பேக்கேஜின் எடையும்

வளர்சிதை மாற்றம், ஊட்டச்சத்து, முதுமை எதிர்ப்பு. இந்த மூன்றையும் ஒரே வரியில் போட்டுக்கொள்ளும் டாக்டர்கள் தரும் சேவை எங்கு போனாலும் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான்: நீண்ட முதல் ஆலோசனை, அதைவிட நீளமான பரிசோதனைப் பட்டியல், பிறகு மாத்திரை, ஹார்மோன், டிரிப். ஆலோசனை கொடுக்கும் காசுக்குத் தகும். பரிசோதனைப் பட்டியல் பாதி தகும். மூன்றாவதில்தான் ஆளைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

அந்த ஆளை எடைபோட, பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். மூன்று சொற்களுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பிரிட்டனில் வளர்சிதை மாற்ற மருத்துவம் என்பது அங்கீகாரம் பெற்ற உட்பிரிவு. அமெரிக்காவிலோ, நிபுணர் வாரியங்களை ஒருங்கிணைக்கும் ஏ.பி.எம்.எஸ். அமைப்பின் கீழுள்ள 24 வாரியங்களில் முதுமை எதிர்ப்புக்கென்று ஒன்றும் இல்லை. அந்தப் பெயரில் ஃபெலோஷிப் நடத்துவது 1992இல் தொடங்கிய ஏ4எம் என்ற தனி அமைப்பு. பாடங்கள் பெரும்பாலும் ஆன்லைனிலும் சில நாள் வகுப்புகளிலும் முடிந்துவிடும். அதே நாட்டில் இதய மருத்துவத்துக்கான ஃபெலோஷிப் என்றால் 3 ஆண்டு முழுநேர மருத்துவமனை வேலை. இரண்டுக்கும் பெயர் ஃபெலோஷிப்தான்.

இதனால் அந்தப் படிப்பு வீண் என்றில்லை. ஊட்டச்சத்து பற்றி மருத்துவக் கல்லூரி கற்றுத்தருவது சொற்பம்; அதைத் தேடிப் படித்தவர் ஒருபடி மேல்தான். ஆனால் அது மேல்மாடி. அஸ்திவாரம் பொது மருத்துவமா, நாளமில்லாச் சுரப்பியியலா, வேறு துறையா என்று கேட்க வேண்டும். ஓயாத களைப்பு என்று ஒருவர் வந்தால் நல்ல பொது மருத்துவர் ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, தைராய்டு என்று வரிசையாகத் தட்டிப் பார்ப்பார். அஸ்திவாரம் இல்லாதவர் நேரே ‘அட்ரினல் களைப்பு’, அதாவது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி சோர்ந்துவிட்டது என்பார். நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை. அதற்கென்று ஸ்டீராய்டு கொடுத்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சுரப்பியும் சோம்பிவிடும்.

பரிசோதனைகளில் உருப்படியானவை சிலவே. வெறும் வயிற்றுச் சர்க்கரை, இன்சுலின் இரண்டும் இருந்தால் இன்சுலின் எதிர்ப்பை (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையை) வீட்டிலேயே கணக்கிடலாம்: சர்க்கரையை (மி.கி./டெ.லி.) இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். 95, 12 என்றால் 2.8. ஒரு ஆய்வகத்தின் இன்சுலின் அளவை இன்னொன்றின் அளவோடு ஒப்பிட முடியாது. ஆகவே மறுபரிசோதனையும் அதே இடத்தில்தான். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும், ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் தாழ்த்திக் காட்டும். ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்காமல் இந்த ஒரே எண்ணை வைத்துப் பேசும் டாக்டர் அவசரப்படுகிறார். இதய நோய் ஆபத்தைக் காட்டும், பரம்பரையாக வரும் கொழுப்புத் துகளான எல்பி(ஏ) பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும். உணவுக்கான ஐஜிஜி (ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பட்டியல் பணவிரயம்: சாப்பிட்டதற்கு உடல் அறிமுகமாகியிருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீர் உலோகப் பரிசோதனையும் அப்படித்தான்; மருந்து எவருடைய உடலிலிருந்தும் உலோகத்தை வெளியே இழுக்கும், வந்த எண்ணை ஒப்பிட முறையான அளவுகோல் கிடையாது.

இந்தத் துறையிலேயே அடிக்கடி கோட்டைவிடும் இடம் பயோட்டின் என்ற பி வைட்டமின். முடி, நகத்துக்கு என்று விற்கும் மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே கொக்கியாக வைத்து அளப்பதால், ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறையும், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாகக் கூடும். தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்ற முடிவு கையில் வரும். தைராய்டோ நலமாக இருக்கும். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனினைக்கூடச் சில கருவிகளில் இது குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு 2 நாளாவது முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும். அளவு மிக அதிகமென்றால் இன்னும் முன்பே. இதை முதல் சந்திப்பிலேயே கேட்கும் டாக்டருக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

ஹார்மோனில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டெஸ்டோஸ்டெரோன் குறைவு என்று சொல்ல, வெவ்வேறு நாள் காலையில் எடுத்த இரண்டு அளவுகள் வேண்டும். தொடங்கிய பின் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். குழந்தை வேண்டுமா என்று கேட்காமல் எழுதக் கூடாது, விந்தணு உற்பத்தி படுத்துவிடும். தோலுக்கடியில் புதைக்கும் பெல்லட் (ஹார்மோன் குளிகை) வசதியாகத் தோன்றும். அளவு அதிகமாகிவிட்டால் அது கரையும் வரை, மாதக்கணக்கில், காத்திருப்பதைத் தவிர எளிய வழியில்லை. வளர்ச்சி ஹார்மோன் மோகத்துக்கு வித்திட்டது 1990இல் வெளியான சிறிய ஆய்வு. ஊசி பெற்றவர்கள் 12 பேர்தான். மூட்டுவலி, நீர்க்கோப்பு, சர்க்கரை ஏற்றம் எல்லாம் பின்னால் நடந்த ஆய்வுகளில் தெரிந்தன. முதுமைக்காக அதை வழங்குவது அமெரிக்காவில் சட்டவிரோதம்.

டிரிப் பற்றி ஒரே கேள்வி. அதிக அளவு வைட்டமின் சி ஏற்றுவதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை எடுத்தார்களா? அந்த என்சைம் குறைவாக உள்ளவருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகும். எடுக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாகச் சப்ளிமெண்ட் பை. எழுதிக் கொடுப்பவரே விற்பவராகவும் இருந்தால் பட்டியல் வளரும், குறையாது. எல்லா டப்பாக்களையும் மேசையில் வைத்து பி6 அளவை மட்டும் கூட்டிப் பாருங்கள்: மல்டிவைட்டமினில் கொஞ்சம், நரம்புக்கானதில் கொஞ்சம், மெக்னீசியத்தோடு கொஞ்சம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் வைத்த உச்சவரம்பு நாளுக்கு 12 மி.கி. நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் கால் விரல்கள் மரத்துப்போகும். மரத்துப்போனதற்கு இன்னொரு பி6 டப்பா எழுதித் தருவார்களா, இருப்பதை நிறுத்தச் சொல்வார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.