கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போகிறவர்களுக்கு: மனு வேலையைப் புரோக்கரிடம் விடாதீர்கள்

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, அடுத்த தடவை கவுன்சிலருக்கு நிக்கலாம்னு இருக்கேன், மனு வேலையெல்லாம் ஒரு அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். யார் என்று கேட்டேன். 2022-இல் என் மனு வேலையைப் பார்க்கிறேன் என்று என்னைக் கவிழ்த்த அதே ஆள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை நாளாக வீட்டில் உள்ளவர்களைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். 2022-இல் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் அந்த வருஷம் மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்றார்கள், ஐந்து வருஷம் என்றால் 2027 மார்ச். அதற்கு முன்னாலேயே இந்த மாதிரி ஆட்கள் ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், தெருவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் குடிதண்ணீருக்காகவும், மழை பெய்தால் வீட்டுக்குள் ஏறும் சாக்கடைக்காகவும் எத்தனை மனு கொடுத்திருப்போம். நீயே நில்லேன் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்தேன்.

2022 ஜனவரி 26-ஆம் தேதி தேர்தலை அறிவித்தார்கள். 28-ஆம் தேதியிலிருந்து பிப்ரவரி 4 வரை வேட்புமனு, 5-ஆம் தேதி பரிசீலனை, 7-ஆம் தேதி வரை வாபஸ், 19-இல் வாக்குப்பதிவு. கைக்குள் நாளே இல்லை. எனக்கு ஃபாரம் நிரப்பிப் பழக்கம் கிடையாது. பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒருவர், "தங்கச்சி, நீ ஓட்டு கேக்கிற வேலையைப் பாரு, மிச்சமெல்லாம் என் பொறுப்பு" என்றார். மொத்தம் 7,500 ரூபாய் கேட்டார். மனு நிரப்ப, உறுதிமொழிப் பத்திரம் தட்டச்சு செய்ய, நோட்டரி கையெழுத்துக்கு, முன்மொழிபவரை, அதாவது இவர் நிற்கலாம் என்று மனுவில் கையெழுத்துப் போடும் வாக்காளரை, ஏற்பாடு பண்ண, அப்புறம் டெபாசிட்டுக்கு 2,500 என்று கணக்கு சொன்னார். 4,000 ஜிபேயில் அனுப்பினேன், மீதியைக் கையில் கொடுத்தேன்.

பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய்தான். எஸ்சி, எஸ்டி வேட்பாளர் என்றால் 500. நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000, அங்கேயும் எஸ்சி, எஸ்டிக்குப் பாதி. இது எனக்கு ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த ரசீதையும் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தார். மனு ஃபாரத்துக்கும் 300 ரூபாய் என்று எழுதியிருந்தார். அது அலுவலகத்தில் சும்மாவே கொடுக்கிறார்கள், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் இருக்கிறது. பேரூராட்சி வார்டில் ஒரு வேட்பாளர் மொத்தமாகச் செலவு செய்யலாம் என்று வைத்திருந்த வரம்பே 17,000 ரூபாய். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இந்த மனுஷனிடமே போய்விட்டது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. நாள் போனதுதான் என்னைக் கவிழ்த்தது. 31-ஆம் தேதி திங்கள்கிழமை தை அமாவாசை, அன்றைக்கே கொடுத்துவிடலாமே அண்ணே என்றேன், கூட்டமாக இருக்கும், வளர்பிறையில் கொடுப்போம் என்றார், புதன்கிழமை நோட்டரி இல்லை என்றார், வியாழக்கிழமை முன்மொழிபவர் ஊரில் இல்லை என்றார், கடைசியில் பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே கால் மணிக்கு முகக்கவசத்தோடு ஓடிப்போய்த் தாக்கல் செய்தோம், ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் நின்று உறுதிமொழி படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் அம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவர், அவர் மகள் இங்கே நிற்கிறாளே என்று.

மறுநாள் பரிசீலனை. என் பெயரைக் கூப்பிட்டதும் இன்னொரு வேட்பாளரோடு வந்தவர் எழுந்து, "இவங்களை முன்மொழிஞ்சவங்க இந்த வார்டே இல்லை சார்" என்றார். அலுவலர் வார்டு வாக்காளர் பட்டியலைத் திறந்து, ஒரு ஸ்கேலை வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டே போனார். அந்த ஸ்கேல் பக்கத்தின் அடி வரைக்கும் போய் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெயர் இல்லை. அடுத்த வார்டுப் பட்டியலை எடுத்தார். அங்கே இருந்தது. எங்கள் தெருவில் நடுரோடுதான் எல்லை. இந்தப் பக்கத்து வீடுகள் எங்கள் வார்டு, எதிர்ச்சாரி அடுத்த வார்டு. என்னை முன்மொழிந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த பாட்டி எதிர்ச்சாரி.

வேட்பாளர் அதே ஊரில் எந்த வார்டு வாக்காளராக இருந்தாலும் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராகத்தான் இருக்க வேண்டும், அதில் தளர்வே கிடையாது. மனு தள்ளுபடி. "நேத்து அஞ்சு மணிக்குள்ள தெரிஞ்சிருந்தா வேற மனு கொடுத்திருக்கலாம்மா, இப்ப எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று அலுவலர் நிதானமாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அரசியலமைப்பில் 243-இசட்ஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது, தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது கோர்ட் உள்ளே வராது, முடிவு வந்த பிறகு தேர்தல் வழக்குத்தான் போடலாம் என்றார். வழக்குப் போட்டாலும் முன்மொழிபவர் வேறு வார்டு என்பது மாறப்போவதில்லையே.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "நீ நிக்கிறதுக்கா என்கிட்ட கையெழுத்து வாங்குனாங்க?" என்று கேட்டார். அந்த ஆள் முதியோர் உதவித்தொகைக்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறார். மனுவின் நகலில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன், கோட்டுக்கு மேலே ஏறி, கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது. பணம் வரும் என்று அன்றையிலிருந்து காத்திருந்தாராம். என் 7,500-ஐ விட அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. முகம் பார்த்துக் கேட்காமல், என் பெயருக்கு ஒரு கிழவியிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்க நான் இடம் கொடுத்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டது நீதானே, படிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். டெபாசிட் 1,000 மட்டும் பிறகு அலுவலகத்திலிருந்து திரும்பக் கிடைத்தது.

நிற்கப்போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். உங்கள் வார்டின் பட்டியலைப் பார்த்து, முன்மொழியப்போகிறவரின் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள், சட்டமன்றப் பட்டியலைப் பார்த்து எழுதினால் எண் மாறிவிடும். தெரு பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அவரிடம் எதற்குக் கையெழுத்து என்று நீங்களே சொல்லிக் கேளுங்கள். ஃபாரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல், இல்லாவிட்டால் 'இல்லை' என்றே எழுதுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கியை முன்னாடியே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள், தப்பு இருந்தால் வேறு மனு கொடுக்க அப்போதுதான் நேரம் இருக்கும். கட்சிக்காரர்கள் வீட்டிலேயே இன்னொருவரை மாற்று வேட்பாளராக மனுப் போடச் சொல்கிறார்கள். சுயேச்சைகளுக்கு அந்த வழியும் இல்லை.

பக்கத்துத் தெருப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு முன்மொழிய ஐந்து பேரின் பெயரை எழுதி வைத்தோம். ஐந்து பேர் வீட்டுக்கும் அவளே போய்க் கேட்கப்போகிறாள், கூட நானும் போகிறேன்.