நெபுலைஸர் கப்பைக் கொதிக்க வைப்பதா, வினாகிரியில் ஊறப்போடுவதா? நம்ம மலைக்குளிருக்கு எது சரிப்படும்

மருந்தை ஆவி மாதிரித் துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்புகிற மெஷின்தான் நெபுலைஸர், அது எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு இழுப்பு. தலவாக்கலைப் பக்கம் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர், மழையில் நனைந்து வந்து விறகடுப்புப் புகைக்குள் குந்திச் சமைத்தவர், அந்த நெஞ்சு இப்போது கணக்குக் கேட்கிறது. மெஷினை வாங்கியதோடு பாடு முடிந்தது என்று நினைத்தேன். கழுவுகிற கதை அப்புறம்தான் ஆரம்பமானது. பாமசியில் வினாகிரி என்றார்கள், அடுத்த காம்பராவில் இருக்கிற நர்ஸ் அக்கா கொதிக்க வைக்கச் சொன்னார், கொழும்பில் வேலை செய்கிற தம்பி போனில் "ஸ்டெரிலைஸர் ஒன்று வாங்கிப் போடு" என்றான், லயத்தில் இன்னொரு மாமி மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணியில் ஒரு அலசு அலசிவிட்டுத் தொங்கவிட்டால் போதும் என்றார். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததையும் அலைந்து படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

மாமி சொன்னதை முதலில் தள்ளிவிடலாம். நெபுலைஸர் மருந்தை ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரோன் அளவுக்குத் துளியாக உடைக்கிறது, அந்த அளவில் உடைத்தால்தான் அது நுரையீரலின் அடிவரைக்கும் போகும். மருந்து ஊற்றுகிற கப்பில் கிருமி இருந்தால் அதுவும் அதே வண்டியில் ஏறி அங்கேயே இறங்கும். சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவுக்கு ஈரமான பிளாஸ்டிக் என்றால் உயிர். பீலித் தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும், குடித்தால் வயிறு சமாளித்தும் விடும், நெஞ்சுக்குள் ஆவியாகப் போவது வேறு விஷயம்.

எந்த முறைக்குப் போனாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தடவை பிடித்து முடித்ததும் மிச்சமிருக்கும் மருந்தை ஊற்றிவிட்டு, கப்பைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணியில் கழுவ வேண்டும், கையைக் கழுவிய பிறகு. கப்புக்குள்ளே நடுவில் ஒரு சின்னக் கூம்பு மாதிரித் துண்டு உட்காரும், அதைப் பலர் கழற்றுவதேயில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் அது காய்ந்துபோன மருந்து. அழுக்கு இருக்கிற இடத்தில் வினாகிரியும் வேலை செய்யாது, ஸ்பிரிட்டும் வேலை செய்யாது. சரி, இப்போது போட்டிக்கு வருவோம்.

கொதிக்க வைப்பது. செலவு இல்லை, அடுப்பும் சட்டியும் போதும், ஐந்து நிமிடம். இங்கே ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது: மலையில் தண்ணி சீக்கிரமாகவே கொதித்துவிடுகிறதே, அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதுமா? ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே தண்ணி 94 பாகையை ஒட்டிக் கொதிக்கிறது, எங்கள் பக்கம் 96. பயப்படத் தேவையில்லை, நாம் பயப்படுகிற பாக்டீரியாக்கள் 70 பாகையைத் தாண்டினாலே சாகத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிறுவனமான சி.டி.சி. குடிதண்ணியைக் கொதிக்கவைக்க 6,500 அடி வரைக்கும் ஒரு நிமிடம், அதற்கு மேலே மூன்று நிமிடம் என்கிறது, நுவரெலியா டவுனே அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. ஆனாலும் நான் ஐந்து நிமிடத்தை எட்டாக்கிவிடுகிறேன், மனசுக்கு ஒரு திருப்தி. பிரஷர் குக்கரில் போட்டால் இன்னும் நல்லதாச்சே என்று யோசிக்காதீர்கள், 121 பாகை தாங்கும் என்று கையேட்டில் எழுதியிராத கப் அதற்குள்ளே கோணிக்கொள்ளும்.

கொதிக்க வைப்பதில் இரண்டு ஆபத்து, இரண்டையும் நானே செய்திருக்கிறேன். ஒன்று, அவசரத்தில் மாஸ்க்கையும் கப்போடு சேர்த்துப் போட்டது. வெளியே எடுத்தால் மூக்குப் பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, அம்மா அதை மாட்டிக்கொண்டு "எம்மூஞ்சி என்ன அப்படியா இருக்கு" என்று கேட்டார். மெல்லிய மாஸ்க்கும் ட்யூபும் சூட்டுக்கு ஆகாது, மாஸ்க்குக்குச் சோப்புத் தண்ணி போதும். இரண்டாவது, அடுப்பில் வைத்துவிட்டு ரோட்டில் வந்த மீன்காரரிடம் பேச்சுக் கொடுத்தது. திரும்பி வந்தபோது தண்ணி வற்றி, கப் சட்டியின் அடியோடு ஒட்டி, வீடெல்லாம் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம், அந்த நாற்றத்துக்கே அம்மாவுக்கு இழுப்பு வந்து, பிடிக்கக் கப் இல்லை. அன்றைக்கு வாங்கிய பாடம்தான் உபரிக் கப் ஒன்று. இப்போது நிறையத் தண்ணி வைத்து, கப் அடியில் படாமல் மிதக்கவிட்டு, பக்கத்திலேயே நிற்கிறேன்.

வினாகிரிக்கு வருவோம், ஊரில் அதற்குத்தான் பெயர் அதிகம். ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணி, அரை மணி நேரம் ஊறல். சில கம்பனிகளின் கையேட்டிலேயே இது இருக்கிறது, அதனால் பாமசியில் சொன்னதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வினாகிரி என்பது ஐந்து வீதத்துக்குக் கிட்டின அசற்றிக் அமிலம், அதையும் நாலில் ஒன்றாகக் கரைக்கிறோம். சில கிருமி சாகும், சில சாகாது, நுரையீரல் நோயாளிகளுக்காக நெபுலைஸர் சுத்தத்தைக் கறாராகப் பார்க்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நெஞ்சில் சளி கெட்டியாகக் கட்டுகிற பரம்பரை நோய்) அமைப்புகள் வினாகிரியைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது நன்றாகச் செய்கிற வேலை சுண்ணாம்புப் படிவைக் கரைப்பது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் சிநேகிதி வினாகிரி இல்லாமல் முடியவே முடியாது என்பாள், அவளுக்கு அது நியாயம்தான், சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணி கேத்தலுக்குள்ளேயே வெள்ளை ஓடு கட்டும். எங்கள் பீலித் தண்ணிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எங்கள் கேத்தலை நாலு வருஷமாகச் சுரண்டியதில்லை. ஆக அவள் வீட்டில் பாதி வேலை செய்கிற வினாகிரி என் வீட்டில் கால் வேலையும் செய்யாது. போதாததற்குச் சரியாக அலசாவிட்டால் அடுத்த தடவை மருந்தோடு புளித்த நெடி ஏறும், இழுப்புக்காரருக்கு அதுவே இருமலைக் கிளப்பும்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட். 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஐந்து நிமிடம், அல்லது 3 வீதப் பெரொக்சைட்டில் முப்பது நிமிடம், இரண்டும் கிருமியைக் கொல்வதில் வினாகிரியைவிட எவ்வளவோ மேல். சிக்கல் வாங்குவதில். பாமசியில் போய் ஸ்பிரிட் என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் சர்ஜிகல் ஸ்பிரிட், அதில் வேறு சாமான்களும் கலந்திருக்கும், தோலில் தடவ அது சரி, மூச்சுக்குள் போகிற கப்புக்குச் சரியில்லை. பெரொக்சைட் போத்தலிலும் எத்தனை வீதம் என்று பார்த்து வாங்க வேண்டும். சில வகைப் பிளாஸ்டிக் அற்ககோலில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அதோடு, விறகடுப்பு எரிகிற காம்பராவில் ஒரு கிண்ணம் அற்ககோலைத் திறந்து வைப்பது எனக்கு ஒத்துவராத காரியம். மில்டன் மாதிரிப் பிள்ளைப் போத்தல் கரைசல்களைப் பற்றியும் கேட்டார்கள், அது குளோரின் சாமான், அந்த மணத்துக்கே அம்மா முகத்தைச் சுளிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்று மட்டும்: வினாகிரியையும் குளோரின் கரைசலையும் ஒரே பேசினில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், இழுப்புக்காரர் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம்.

இந்த ஊறப்போடுகிற முறைகள் எல்லாவற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஊறியதை எடுத்து அலச வேண்டும், குழாய்த் தண்ணியில் அலசினால் கொன்ற கிருமிக்குப் பதில் புதுக் கிருமியை ஏற்றிவிடுவோம், ஆகவே ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணியில் அலச வேண்டும். எப்படியும் சட்டியை அடுப்பில் ஏற்றத்தான் போகிறேன் என்றால் கப்பையே அந்தத் தண்ணிக்குள் போட்டுவிட்டுப் போகிறேன், நடுவில் எதற்கு வினாகிரிக்குக் காசு? கொதிக்கவைத்ததை அலசவும் தேவையில்லை. என் தீர்ப்பு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

கொதிநீரோடு உண்மையாகவே போட்டி போடக்கூடியது தம்பி சொன்ன எலெக்ட்ரிக் ஸ்டெரிலைஸர்தான், பிள்ளைப் போத்தலுக்கு வைப்பார்களே, அது. தட்டில் அளந்து தண்ணி ஊற்றி, அடுக்கி, பட்டனை அமுக்கினால் ஆவியில் வேலை முடிந்து தானாக நின்றுவிடும். சட்டி வற்றுகிற பயம் இல்லை, மீன்காரரோடு தாராளமாகப் பேசலாம். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை பிடிக்கிற வீடென்றால் வாங்குவது நியாயம். வாங்குவதாக இருந்தால் காயவைக்கிற ஃபேன் சேர்ந்ததாக வாங்குங்கள், அது இல்லாதது வெறும் விலை உயர்ந்த சட்டிதான்.

ஏனென்றால் இங்கே முழு வில்லங்கமும் காயவைப்பதில் இருக்கிறது. எந்த முறை சிறந்தது என்று எழுதுகிறவர்கள் கடைசி வரியில் "காற்றில் உலரவிடவும்" என்று முடித்துவிடுகிறார்கள். எந்தக் காற்று? மேயிலிருந்து செப்டம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் தென்மேல் மழை, இஸ்தோப்பில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் ஈரமாக நாறும், காலையில் மிஸ்ட் கதவு வழியாக உள்ளேயே வந்து உட்காரும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வரண்ட காற்று வீசும், அங்கே கப் அரை மணியில் காய்ந்துவிடும், அவர்களுக்கு நான் எழுதுவது மிகையாகப் படலாம். கொதிக்கவைத்து எடுத்த கப்பை ஈரத்தோடு ஒரு டப்பாவில் மூடினால் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

அம்மா முதலில் செய்தது அடுப்புக்கு மேலே பரணில் கவிழ்த்து வைத்தது. காய்ந்தது, நன்றாகவே காய்ந்தது, ஒரு வாரத்தில் கப்பின் விளிம்பில் மஞ்சள் பிசுக்கு. விறகுப் புகை. இழுப்புக்கு மருந்து கொடுக்கிற பாத்திரத்தில் இழுப்பைக் கொண்டுவந்த புகை. அப்புறம் துவாயால் துடைத்தார், வீட்டில் எல்லோரும் கை துடைக்கிற துவாய், அது வேண்டாம் என்று அதையும் நிறுத்தினேன்.

கடைசியில் வழி தேயிலை ஃபேக்டரியில் இருந்து வந்தது. கொழுந்தை வாட்டும்போது அடியில் இருந்து ஃபேன் காற்று விடுவார்கள், வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. எங்களிடமும் காற்றடிக்கிற மெஷின் இருக்கிறதே! கப்பை எடுத்து நன்றாக உதறி, சுத்தமான பேப்பர் டிஷ்யூவில் கவிழ்த்துத் தண்ணியை வடியவிட்டு, பிறகு பூட்டி, மருந்து இல்லாமல் ட்யூபை மாட்டி மெஷினை மூன்று நாலு நிமிடம் ஓடவிடுகிறேன். மருந்து சீறி வருகிற அந்த ஊசித் துளை உள்ளிருந்தே காய்ந்துவிடும், துடைப்பதால் அது எந்தக் காலத்திலும் காயாது. பிறகு திரும்பக் கழற்றி, டிஷ்யூவில் பரப்பி, மேலே ஒரு டிஷ்யூ மூடி, அடுப்பங்கரைக்கு எதிர்ப் பக்க அலுமாரியில். காலையில் விரல் வைத்தால் காய்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டப்பா.

இந்த இடத்தில்தான் மெஷ் நெபுலைஸரா, எங்களுடையது மாதிரிக் காற்றடிக்கிற பழைய கம்ப்ரஸரா என்கிற கேள்வியும் வந்து முட்டுகிறது. மெஷ் கைக்குள் அடங்கும், சத்தமில்லை, பற்றரியில் ஓடும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்களில் அது இருந்த வீடுகளைப் பார்த்து வயிறெரிந்தேன். ஆனால் அதன் உயிர் ஒரு மெல்லிய சல்லடைத் தகட்டில் இருக்கிறது, விரல் படக்கூடாது, பிரஷ் படக்கூடாது, கொதிக்க வைக்கலாமா கூடாதா என்பதும் மொடலுக்கு மொடல் மாறும். பியூடெசொனைட் மாதிரிக் கலங்கலான மருந்தென்றால் துளை சீக்கிரம் அடைபடும். கம்ப்ரஸர் மாவரைக்கிற மாதிரிக் கத்தும், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும், ஆனால் எங்கள் வீட்டு மாதிரி முரட்டுக் கழுவலைத் தாங்கும், தன் கப்பைத் தானே காயவைத்தும் கொள்ளும். கழுவுகிற பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கம்ப்ரஸருக்கே.

ட்யூபை மட்டும் கழுவாதீர்கள். உள்ளே தண்ணி போனால் லேசில் வெளியே வராது, ஆவி கட்டித் துளிகள் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிட்டால் காற்று அதை வெளியே தள்ளும். பாவிக்காத நேரத்தில் ட்யூபின் இரண்டு முனையையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவையுங்கள். ஒருநாள் இரவு அவசரத்துக்கு மாட்டப் போகும்போது முனையில் இருந்து கரப்பான் குஞ்சு ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு எட்டிப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு முதல் வருஷம் தெரியாது. மெஷின் பக்கவாட்டில் சின்ன மூடி, நகத்தால் கிளப்பினால் காசளவுக்கு ஒரு வட்டத் துண்டு வரும். அதையும் கழுவக்கூடாது, மாற்ற வேண்டும், எங்கள் மெஷின் கையேட்டில் 60 நாளுக்கு ஒரு தடவை என்று இருக்கிறது. மெஷினை அடுப்பங்கரையில் வைத்திருந்த காலத்தில் முதல் தடவையாக அதைக் கிளப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய துண்டு பால் விடாத நல்ல சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. அன்றைக்கே மெஷின் முன் காம்பராவுக்கு வந்துவிட்டது. நேற்று மாற்றிய துண்டு பால் கலந்த டீ நிறம்.