மஞ்சள் கடுதாசிக்கு முன்னால் மூன்று கணக்குகள்

கடன் கழுத்தை நெரிக்கும்போது எதிரே இருப்பவை மூன்று வழிகள்: தவணையைத் திருத்தி முழுதாகக் கட்டுவது, பேரம் பேசிக் குறைத்துக் கட்டுவது, திவால் மனு போடுவது.

மாதச் சம்பளம் தவறாமல் வருகிறதா? முதல் வழி போதும். ஆலோசகர் கடன் கொடுத்தவர்களிடம் பேசி வட்டியைக் குறைக்கப் பார்ப்பார். அசல் குறையாது, சில வருடங்கள் வாயைக் கட்ட வேண்டும்.

பேரம்தான் விளம்பரத்தில் பளபளக்கும். 'தவணையை நிறுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பார்கள், உங்களுக்காகப் பேரம் பேசும் நிறுவனத்தார். நிறுத்திய மாதங்களில் வட்டியும் அபராதமும் ஏறும், வழக்கும் வரலாம். தொலைபேசியில் ஆள் பிடிக்கும் இத்தகைய நிறுவனங்கள் கடனைத் தீர்க்கும் முன்பே கட்டணம் வாங்குவதை அமெரிக்கா 2010இல் தடை செய்தது. கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் நீங்களே பேசலாம். ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் மட்டும் பணத்தை நீட்டாதீர்கள்.

திவாலுக்கு வருவோம். இங்கிலாந்தில் பெரும்பாலும் 12 மாதங்களில் கடன் பொறுப்பிலிருந்து விடுதலை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயப்படி, அதாவது சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் முறையில், மனு போட்டால் சில மாதங்களில் முடியும். 13ஆம் அத்தியாயம் என்றால் வருமானத்திலிருந்து 3 முதல் 5 ஆண்டு தவணை கட்ட வேண்டும். சொத்து கைவிட்டுப் போகலாம், பிறகு கடன் கிடைப்பதும் கடினம். பிள்ளைப் பராமரிப்புத் தொகை போன்ற சில பாக்கிகள் திவாலிலும் தீராது. பலர் கவனிக்காத சிக்கல் ஜாமீன். திவால் உங்களைத்தான் விடுவிக்கும். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட மச்சானை அல்ல. வங்கி அடுத்து அவர் வாசலுக்குத்தான் போகும். மனு போடுமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? கடன் ஆலோசனை அமைப்புகளில் பிரிட்டனின் ஸ்டெப்சேஞ்ச், மலேசியாவின் ஏகேபிகே இரண்டும் இலவசம். சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் இருக்கிறது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனு போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் ஆலோசனை பெற்றாக வேண்டும்.

என் கணக்கு இது: செலவையெல்லாம் சுருக்கியும் ஐந்து வருடத்தில் அடையாத கடன் என்றால், திவாலைப் பற்றி இப்போதே கேளுங்கள். மானத்துக்கு அஞ்சி ஓய்வூதியச் சேமிப்பை உடைத்துக் கட்டிவிட்டு, அப்புறம் திவாலுக்குப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தச் சேமிப்பைத்தான் சட்டம் பெரும்பாலும் கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் காக்கிறது.