பச்சை டிக் இருந்தது, பாதுகாப்பு இல்லை: "லைஃப்டைம் ஆன்டிவைரஸ்" போட்டுத் தருகிறவர்களிடம் எச்சரிக்கை

கணினியை சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது, "ஆன்டிவைரஸும் போட்டாச்சு சார், லைஃப்டைம், இனிமே நீங்க எதுவும் பண்ண வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பதிவை முழுசாகப் படியுங்கள். அப்பாவிடம் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அந்த ஆன்டிவைரஸ் கணினிக்குள் போன நாளிலிருந்து ஒருமுறைகூட அப்டேட் ஆகவில்லை. போட்டுக் கொடுத்தவருக்கு அது தெரியும். அப்டேட் ஆகாதபடி செய்து வைத்ததே அவர்தான்.

கணினி மெதுவாக இருக்கிறது என்று அப்பா கொடுத்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டார்கள், விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன், வேகம் நன்றாகவே வந்தது. ஆன்டிவைரஸுக்கு மட்டும் தனியாக ஒரு தொகை. பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர், அதன் சின்னம், திறந்ததும் "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று பச்சை டிக், லைசன்ஸ் முடிய ஆயிரக்கணக்கான நாட்கள் பாக்கி என்ற வரி. இதைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கும் காரணம் இருக்காது. அதற்குப் பிறகும் அதைப் போட்டுக் கொடுத்தவர் அவ்வப்போது போன் செய்து, "அப்டேட் பண்ண வேண்டிய நேரம் வந்துடுச்சு சார்" என்று சொல்லி, தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைந்து எதையோ செய்துவிட்டு, அதற்கும் பணம் கேட்பார். அப்பா ஒழுங்காகக் கொடுத்து வந்தார்.

விஷயம் வெளியே வந்தது தங்கையின் பென் டிரைவால். கல்லூரி ஆய்வகத்தில் செருகியதும் அங்கிருந்த ஆன்டிவைரஸ் அலறியிருக்கிறது. பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்கள் உட்கார்ந்திருந்தன. அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஆண்டுக்கணக்காகச் சுற்றும் பழைய தந்திரம்தான். ஆனால் இதை எழுதுகிறவர்கள் அதே தந்திரத்துக்கு அடிக்கடி புது உருவம் கொடுத்து விடுவார்கள், எந்தெந்த வைரஸ் எப்படி இருக்கும் என்ற அடையாளப் பட்டியல் பழையதாக இருக்கும் ஆன்டிவைரஸுக்கு அது தெரியாது. ஆய்வகக் கணினிக்கு ஒரு நொடியில் தெரிந்தது எங்கள் கணினிக்கு ஏன் தெரியவில்லை என்று அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

முகப்பில் பச்சை டிக் அப்படியே இருந்தது. உள்ளே போய் வைரஸ் அடையாளப் பட்டியலின் தேதியைத் தேடினால், சர்வீஸ் செய்த அதே மாதம். அப்டேட் பொத்தானை அழுத்தினால் சுற்றிச் சுற்றி, சர்வரை அடைய முடியவில்லை என்று நின்றது. இணையம் நன்றாக இருக்கிறது, மற்ற எல்லாம் திறக்கிறது, இது மட்டும் போகவில்லை. விண்டோஸில் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. எந்த இணைய முகவரியை எங்கே தேட வேண்டும் என்பதை அதில் கையால் எழுதி வைக்கலாம். அதைத் திறந்து பார்த்தேன். அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் அப்டேட் சர்வர்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக 127.0.0.1 என்று இருந்தது. அந்த எண் குறிப்பது அதே கணினியைத்தான். அதாவது, அப்டேட் கேட்டுப் போகும் கோரிக்கை வீட்டு வாசலைத் தாண்டாமலே திரும்பி வந்துவிடும்.

இது ஏன் செய்யப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கிராக் செய்த, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாக ஓட்டும் ஆன்டிவைரஸ், தன் நிறுவனத்தின் சர்வரோடு பேசினால் திருட்டு லைசன்ஸ் பிடிபட்டு முடக்கப்படும். முடங்கினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும், வாடிக்கையாளர் போன் செய்வார். அதைத் தவிர்க்கத்தான் பேச்சு வழியையே அடைத்து விடுகிறார்கள். வேறு எந்த மென்பொருளை இப்படிக் கிராக் செய்தாலும் அந்த மென்பொருள் ஏதோ ஓடும். ஆன்டிவைரஸில் அப்டேட்தான் சரக்கே. ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வு நிறுவனம், ஒரு நாளைக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீங்கு நிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இன்றைய ஆன்டிவைரஸ்கள் சந்தேகமான கோப்பைப் பற்றி அந்த நிமிடமே தங்கள் சர்வரிடம் கேட்டு முடிவு செய்வதும் உண்டு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வர்களை இப்படி அடைத்தால் அந்த வழியும் போய்விடும்.

இதைவிட மோசமானது இன்னொன்று. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாக வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் ஒன்று தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். முறையாக வாங்கிய ஆன்டிவைரஸின் சந்தா முடிந்தால் அது விண்டோஸுக்குத் தெரிந்து, டிஃபெண்டர் மறுபடி பொறுப்பேற்கும். கிராக் செய்தது ஒருநாளும் "நான் காலாவதியாகிவிட்டேன்" என்று சொல்லாது. அதனால் டிஃபெண்டரும் திரும்பி வராது. அப்பா இவருக்கு ஒரு காசும் கொடுக்காமல், எதையும் போடாமல் விட்டிருந்தால் எங்கள் கணினி நல்ல பாதுகாப்போடு இருந்திருக்கும். பணம் கொடுத்ததால்தான் இருந்ததும் போயிற்று. எனக்கு ஆறாதது இதுதான்.

பச்சை டிக்கையே பொய்யாகக் காட்டும் வைரஸும் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் கிராக்கனோஷ் என்ற ஒன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கிராக் செய்த விளையாட்டுகளோடு ஒட்டி வந்து, ஆன்டிவைரஸ் ஓடாத, அடிப்படை வசதிகள் மட்டும் உள்ள சேஃப் மோடில் கணினியைத் தொடங்க வைத்து, டிஃபெண்டரை நீக்கி, விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடும். பிறகு டாஸ்க்பாரில் எல்லாம் சரி என்பது போல ஒரு போலிப் பாதுகாப்பு ஐகானை வைத்துவிட்டு, பின்னால் உங்கள் கணினியின் சக்தியைத் திருடி மொனீரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிக் கொண்டிருக்கும். உலகம் முழுவதும் 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அதில் சிக்கின. ஐகானின் நிறத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராக்கை அன்இன்ஸ்டால் செய்தேன். டிஃபெண்டர் எழுந்து வந்தது. அதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுவார்கள், தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் அமைப்புகளுக்குள், 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதில் உள்ளவற்றைச் சோதிக்க வேண்டாம் என்று டிஃபெண்டருக்கு இடும் கட்டளை அது. கிராக் கோப்பை டிஃபெண்டர் அழித்துவிடாமல் இருக்க, அவர் முழு சி டிரைவையும் அதில் சேர்த்து வைத்திருந்தார். டிஃபெண்டர் ஓடியும் பயனில்லாத நிலை. விண்டோஸ் அப்டேட் சேவையையும் நிறுத்தியிருந்தார். "அப்டேட் வந்தா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும் சார்" என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவி 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் அதை ஏற்றாமல் இருந்த கணினிகள்தான் மாட்டின. அப்டேட்டை நிறுத்தி வைப்பதை யாரும் ஒரு சேவையாக விற்கக் கூடாது.

மூன்றாவதாக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள். கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும். இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்கத் தேவையில்லாமல், அவர் வைத்த நிரந்தரப் பாஸ்வேர்டோடு அது இருந்தது. அப்பா வங்கி வேலைகளைச் செய்யும் கணினி அது.

எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் இருந்ததை நீக்கிவிட்டு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும் முறை அது. பென் டிரைவில் பார்த்த வைரஸோடு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வகை ஒன்றும் கிடைத்தது. இந்த வகை லாகின் நிலையைக் காக்கும் குக்கீகளையும் எடுத்துப் போகும், அதனால் ஓடிபி கேட்காமலே கணக்குக்குள் நுழைந்துவிட முடியும். சில மாதங்களுக்கு முன் தங்கையின் சமூக ஊடகக் கணக்கு பறிபோய், அவள் பெயரில் தோழிகளிடம் பணம் கேட்டார்கள். இதனால்தான் அது நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஓடிபியே வராமல் எப்படி உள்ளே போனார்கள் என்று அவள் அப்போது அழுதுகொண்டே கேட்டதற்கு இப்போதுதான் ஒரு பதில் தெரிகிறது.

ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் இதைத்தான் சார் போடறோம், ஒரிஜினல் போட்டா ரேட்டு கட்டுப்படியாகாது" என்றார். அப்பாவிடம் ஒரிஜினல் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "நான் லைஃப்டைம்னுதான் சொன்னேன்" என்றார். பில் கேட்டேன், இல்லை. பணமும் திரும்ப வரவில்லை. எல்லாருக்கும் என்று அவர் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. அந்த 'எல்லாரும்' இன்று பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்.

உங்கள் கணினியில் இப்போதே பாருங்கள். ஆன்டிவைரஸ் எதுவாக இருந்தாலும் அடையாளப் பட்டியலின் தேதியைத் தேடுங்கள். டிஃபெண்டரில் 'புரொடெக்ஷன் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். இணையத்தில் இருக்கும் கணினிக்கு அது இன்றோ நேற்றோ ஆக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியதென்றால் உங்கள் மின்னஞ்சலில் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கும் லைசன்ஸும் இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் நீங்களே நுழைந்து முடிவுத் தேதியைப் பார்க்க முடிய வேண்டும். பார்க்க முடியவில்லை என்றால், அது உங்களுடையது இல்லை. ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று அறிய, எய்கார் சோதனைக் கோப்பை இறக்கிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். 68 எழுத்து கொண்ட தீங்கற்ற கோப்பு, எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செய்யலாம், ஆனால் பல ஆண்டுகள் பழைய பட்டியலும் அதைப் பிடித்துவிடும். ஆகவே தேதியைப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

கிராக் இருந்தது தெரிந்துவிட்டால் சுத்தம் செய்து ஓட்டுவதை நான் நம்பவில்லை. புகைப்படம், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கி, முழுதாக அழித்துப் போட்டேன். டிஃபெண்டரே போதும் என்று விட்டுவிட்டேன். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். போனிலோ வேறு கணினியிலோ மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதியை அழுத்துங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செல்லாமல் போகும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிஃபெண்டரின் அடையாளப் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதைக் காட்டி, "டிஃபெண்டர் நின்னுபோச்சு, நம்ம லைஃப்டைம் போட்டுக்கோங்க" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். நின்றது விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான், அதற்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும் அல்லது விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும். அந்த வேலையை எந்த ஆன்டிவைரஸும் செய்யாது.