பனிக்காலத்தில் டிரக் கவர்: சுருளும் வகையா, மடியும் வகையா?

பிக்கப் டிரக்கின் பெட்டுக்கு, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதிக்கு, ஒரு கவர் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பூட்டு, தோற்றம், மைலேஜ் என்றுதான் எங்கும் பேச்சு இருக்கும். பனி விழாத இடத்துக்கு அது போதும். வருடத்தில் நாலைந்து மாதம் பனியிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடுகிற வண்டிக்கு முதலில் கேட்க வேண்டியது வேறு: கவர்மேல் விழுந்த பனி உருகின பிறகு அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? என் வண்டியில் இப்போது இருப்பது சுருண்டு உள்ளே போகிற அலுமினியக் கவர், கையால் தள்ளித் திறக்கும் வகை. அதற்கு முந்தைய டிரக்கில் மூன்றாக மடியும் கடினக் கவர் இருந்தது. இரண்டோடும் குளிர்காலங்களைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். நான் சுருளும் கவரின் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்ற வகைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். வினைல் துணியில் வரும் மென்கவர் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் குளிரில் வினைல் விறைத்துச் சுருங்கும், ஓரத்து வெல்க்ரோவில் பனித்தூள் புகுந்து உறைந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது, கனமான பனி உட்கார்ந்தால் நடுவில் தொய்ந்து குளம் கட்டும். ஒரே பலகையாகத் தூக்கும் ஃபைபர்கிளாஸ் மூடி தண்ணீரைத் தடுப்பதில் கெட்டிக்காரன். அதைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டில் உள்ள வாயுவின் அழுத்தம் குளிரில் இறங்கும், மேலே பனியும் இருந்தால் பாதியில் நிற்கும், உயரமான சாமான் ஏற்ற வேண்டுமென்றால் மூடியைக் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஆகப் போட்டி என்று பார்த்தால் மடியும் கடினக் கவருக்கும் சுருளும் கவருக்கும்தான்.

பனியின் எடையைத் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரெட்ராக்ஸ் நிறுவனம் தன் சுருளும் கவர்களுக்கு 500 பவுண்டு என்கிறது, மடியும் வகையில் பேக்ஃபிளிப் எம்எக்ஸ்4 கவருக்கு 400 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. இரண்டுமே எடை சீராகப் பரவியிருந்தால்தான். ஐந்தரை அடி பெட்டின் கவர் ஏறக்குறைய இரண்டரைச் சதுர மீட்டர். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால்கூட 30 செ.மீ. உயரத்துக்கு 75 கிலோதான் வருகிறது, அது ஒன்றும் பயப்படும் எடை இல்லை. அதையே வழிக்காமல் விட்டு, அதன்மேல் மழை பெய்து, இறுகி, மறுபடி பனி விழுந்தால் அதே உயரத்துக்கு 200 கிலோவைத் தாண்டும். 500 பவுண்டு என்பதே 227 கிலோதான். ஆக எதை வாங்கினாலும் பனியை அவ்வப்போது வழிக்கத்தான் வேண்டும், இந்த விஷயத்தில் ஒன்று உசத்தி மற்றது மட்டம் என்று சொல்வதற்கு இல்லை.

மடியும் கவரோடு பனிக்காலையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். திறப்பதற்கு முன் மேலே இருக்கிற பனி முழுவதையும் வழிக்க வேண்டும். வழிக்காமல் மடித்தால் பாதி பெட்டுக்குள் கொட்டும், மீதி கேபினின் பின்கண்ணாடியில் போய் மோதும். முழுவதும் வழித்த பிறகும் பலகைகளுக்கு நடுவில் கீல் ஓடும் பள்ளத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பனி இறுகிக் கிடக்கும், அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் மேல்பலகை கீழ்ப்பலகைமேல் கோணலாக உட்காரும், கீல் அந்த வளைவைத் தாங்கிக்கொண்டு நிற்கும். பெட்டின் ஓரத்தில் படிந்திருக்கும் ரப்பர் சீல் உலோகத்தோடு உறைந்து ஒட்டியிருந்தால் பலகையைப் பிடித்து இழுக்கும்போது சீல் கிழிந்துகொண்டே வரும். இவ்வளவு சொன்னாலும் மடியும் கவருக்கு என்று நியாயமான பெருமைகள் உண்டு. விலை குறைவு, உறுப்புகள் குறைவு, ஒரு பலகை கெட்டால் பல மாடல்களில் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம், கிளாம்பைத் தளர்த்தினால் சில நிமிடங்களில் மொத்தமும் கையோடு வந்துவிடும். பெட்டின் இடத்திலும் எதையும் பிடுங்கிக்கொள்ளாது.

சுருளும் கவர் கடை ஷட்டரைப் படுக்க வைத்த மாதிரி. பட்டைகள் இரு பக்க ரெயில்களில் ஓடிப் போய் கேபினை ஒட்டி இருக்கிற சுருள் பெட்டிக்குள் அடங்கும். அந்தப் பெட்டி பெட்டின் மேல்பகுதியில் ஏறக்குறைய ஓர் அடியை எடுத்துக்கொள்ளும், ஐந்தரை அடி பெட்டில் அது சின்ன விஷயம் இல்லை. விலையும் கூடுதல். அப்படியும் நான் இதை விரும்புவதற்கு முதல் காரணம் பனியில்தான் புரியும். டெயில்கேட் (பெட்டின் பின்கதவு) பக்கம் இரண்டடி திறக்க வேண்டும் என்று வையுங்கள், அப்போது சுருள் பெட்டிக்குள் நுழைவது கேபின் பக்கத்து இரண்டடிதான். அந்த இரண்டடியை மட்டும் நீளக்காம்பு பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் போதும், மீதிப் பனி கவரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு முன்னே நகர்ந்துவிடும். அதிகாலையில் ஒரு கருவிப்பெட்டியை எடுக்க வேண்டியிருக்கிற ஆளுக்கு இந்த ஒரு வசதியே பெரிது. அப்புறம், கவரைப் பாதியில் நிறுத்திப் பூட்டலாம், மடித்த பலகைகளை எங்கே சாத்துவது, காற்றில் அடிக்குமா என்ற கவலை கிடையாது, பின்கண்ணாடி எப்போதும் தெரியும்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். சுருளும் கவர் தண்ணீரைத் தடுப்பதில்லை, வாங்கி வேறு வழியில் அனுப்புகிறது. பட்டைகளின் ஓரத்தில் வழிகிற தண்ணீர் ரெயிலின் பள்ளத்தில் விழுந்து, முன்பக்கம் ஓடி, சுருள் பெட்டியின் இரு மூலைகளில் இருந்து இறங்கும் வடிகால் குழாய்கள் வழியாக பெட்டுக்கு அடியில் சொட்ட வேண்டும். காலியான பிக்கப் பெரும்பாலும் பின்பக்கம் சற்று உயர்ந்தே நிற்கும், அதனால் தண்ணீர் தானாக முன்பக்கம் ஓடும். இந்த ஓட்டம் எங்கே தடைபட்டாலும் தண்ணீர் தேங்கும், தேங்கினது இரவில் உறையும். பெட்டியின் அடியில் உறைந்துவிட்டால் சுருண்ட பட்டைகளையே பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும், ரெயிலில் உறைந்தால் கவர் ஓர் அங்குலம் நகர்ந்து நிற்கும். குளிரில் தன் சுருளும் கவர் வேலைக்கு ஆகாது என்று சொல்பவர்களின் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் குழாய்தான் அடைத்திருக்கும்.

இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில் இரண்டு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கீழே குனிந்து பாருங்கள். திறந்திருக்கும் குழாயில் தண்ணீர் விடாமல் ஒழுகும். பாதி அடைத்திருந்தால் கொஞ்சம் தாமதித்து, சொட்டுச் சொட்டாக, பழுப்பு நிறத்தில் வரும். அந்தப் பழுப்பு இலைத்துகளும் ஊசியிலைகளும் சாலை மண்ணும் கலந்த சேறு. புல்வெட்டியில் போடும் நைலான் இழையைக் கீழிருந்து மேலே விட்டு அசைத்தால் வந்துவிடும். கம்பியை விடாதீர்கள், குழாயின் சுவரைக் கிழிக்கும். குழாயின் கீழ்முனை சக்கரத்துக்கு நேராக இருந்தால் சக்கரம் வாரி அடிக்கும் சகதிப்பனி அங்கே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் முனையைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, சாய்வாக வெட்டிவிடுவது நல்லது.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும், இதைப் பலர் யோசிப்பதில்லை. மேட்டுப்பாதையில் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தினால் தண்ணீர் பின்னோக்கி ஓடி டெயில்கேட் பக்கத்துக் கடைசிப் பட்டையில் உறையும், பூட்டும் கைப்பிடியும் அங்கேதான் இருக்கின்றன. திருப்பி நிறுத்துங்கள். சூடான கராஜில் வைப்பது பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நினைப்போம், கவரைப் பொறுத்தவரை அது இரட்டை முனைக் கத்தி. இரவெல்லாம் பனி உருகி ரெயிலிலும் சீலிலும் ஊறியிருக்கும், காலையில் வண்டி மைனஸ் 15 டிகிரிக்குள் போனதும் அந்த ஈரம் அப்படியே பிடிக்கும். வெளியே நிற்கும் வண்டியில் பனி காய்ந்த தூளாகவே கிடப்பதால் பிரஷ்ஷுக்கு உடனே அடங்குகிறது. கராஜில் வைப்பவர்கள் உள்ளே ஏற்றும் முன் மேல்பனியைத் தள்ளிவிட்டு, காலையில் வெளியே எடுக்கும் முன் ரெயிலைத் துணியால் ஒரு தடவை இழுத்துவிட்டால் பிரச்சினை வராது.

ரப்பர் சீல்களுக்கும் சுருள் பெட்டியின் வாய்விளிம்புக்கும் சிலிகான் ஸ்ப்ரே போதும், துணியில் அடித்துத் தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய்கள் பல ரப்பர்களை உப்பவைக்கும், மணலையும் இழுத்து ஒட்டவைக்கும். பூட்டுக்குள் கிராஃபைட் தூள் போடலாம், உறைந்திருந்தால் ஆல்கஹால் கலந்த டீஐசர் போடலாம். வெந்நீரை ஊற்றவே கூடாது: அந்த நீர் சில நிமிடங்களில் ரெயிலுக்குள்ளேயே உறைந்து இருந்ததைவிட மோசமாக்கும். உலோகச் சுரண்டியையும் தள்ளி வையுங்கள். பவுடர் கோட்டிங்கில் விழும் ஒரு கீறல் வழியாக உப்பு உள்ளே போனால் அந்த இடம் கொப்புளமாக எழும்பும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணச் சாலை உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது என்பதால் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் தெளிக்கிறார்கள். இவை காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் உப்புகள், ரெயிலின் பள்ளத்தில் படிந்தால் அந்த இடம் காயவே காயாது. அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு இறங்குகிற இடத்தைப் பாருங்கள், வெள்ளைப் பொடி கட்டியிருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஃபோர்டு எஃப்-150 டிரக்கின் பெட் 2015 மாடலிலிருந்து அலுமினியம், அதில் எஃகுக் கிளாம்பை இறுக்கும்போது நடுவில் ஒரு ரப்பர் பட்டையோ இன்சுலேஷன் டேப்போ வைத்துவிடுங்கள். குளிர் கொஞ்சம் விட்ட நாட்களில் ரெயிலை நல்ல தண்ணீரால் அலசி, கவரைச் சில தடவை திறந்து மூடி, ஈரம் போன பிறகு விடுவது என் வழக்கம். மடியும் கவருக்கும் இதே உப்புதான் எதிரி, ஆனால் அதைக் கழற்றித் தரையில் வைத்துக் கழுவிவிடலாம். இங்கே மட்டும் மடியும் கவர் தெளிவாக ஜெயிக்கிறது.

உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே உறைகிற மழை, பெய்த காலையில் இரண்டுக்குமே கஷ்டம்தான். கவர்மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் மூடி, பட்டைகளின் கோடுகளே தெரியாது. என் கவர் மூடியிருக்கும்போதும் டெயில்கேட்டைத் தனியாகத் திறக்கலாம், உள்ளே கைவிட்டு உள்ளங்கையால் கடைசிப் பட்டையை அடியிலிருந்து மெதுவாகத் தட்டினால் பனிக்கட்டி கோடு கோடாக விட்டுப் போகும், பிறகு வாய்விளிம்பு வரை பொறுமையாகப் பிரஷ் போட வேண்டும். மோட்டார் வகையை நான் அடுத்தவர் வண்டியில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி அளவாகவே சொல்கிறேன்: தடை வந்ததும் மோட்டார் நின்றுவிடுகிறது, அது நல்லதுதான், ஆனால் கையால் தள்ளும்போது எங்கே ஒட்டியிருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிற அந்தத் தகவல் கிடைப்பதில்லை. மைனஸ் 30க்குக் கீழே வாரக்கணக்கில் நிற்கும் குளிரில் என் கவர் இருந்ததில்லை, அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் அங்கே வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டில் தளர்வாக உப்போ மணலோ ஏற்றிப் போகிறவர்களுக்கு நான் சுருளும் கவரைச் சொல்ல மாட்டேன், அந்தத் துகள் ரெயிலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பெட் முழு நீளமும் அடிக்கடி வேண்டும் என்பவர்களும் மடியும் கவரையே எடுக்கலாம். மற்றபடி, வருடத்துக்கு ஒரு தடவை குனிந்து குழாயைப் பார்க்கத் தயார் என்றால் தயங்காமல் சுருளும் கவரை வாங்குங்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வடிகால் குழாய் எங்கே இறங்குகிறது, அதைக் கழற்றி மாற்ற முடியுமா; சுருளும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, அல்லது தனித்தனிச் சுழல்பாதையில் ஓடுகின்றனவா (உரசினால் நடுவில் மாட்டும் மணல் கோட்டிங்கைத் தேய்க்கும்); வாய்விளிம்பின் சீல் தனியாக விற்கிறதா. மூன்றாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு மாடலைப் பாருங்கள், குளிரில் முதலில் தேய்வது அந்தச் சீல்தான்.