டாஸ்க்பாரை இடப்பக்கம் வைக்க நான்கு வழிகள்: எது யாருக்கு?

நான் செய்வது மெய்ப்புத் திருத்தும் வேலை. ஒரு நூலைக் கையில் எடுத்தால் ஐந்தாறு வேர்ட் ஃபைல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஆசிரியர் அனுப்பிய மூலம், முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம், அடிக்குறிப்புகள், சொல்லடைவு என்று நாள் முழுக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் டாஸ்க்பாரை, அதாவது வழக்கமாகத் திரையின் கீழே இருக்கும் பட்டையை, இடப்பக்கம் நிறுத்தி, ஓரத்தைப் பிடித்து அகலமாக இழுத்துவிட்டால், திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக முழுசாகத் தெரியும். ‘அத்தியாயம் 3 - திருத்தம் 2’ என்று கண்ணெதிரே எழுதியிருக்கும். ஒரே கிளிக்கில் அங்கே போய்விடலாம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் அழகு விஷயமில்லை. நம் சொற்கள் நீளமானவை. டாஸ்க்பார் கீழே இருந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும், பெயர் ‘அத்தியாய...’ என்று நறுக்கப்பட்டுவிடும். மூன்றாம் அத்தியாயமும் ஏழாம் அத்தியாயமும் பார்வைக்கு ஒன்றாகிவிடும், ஏனென்றால் வித்தியாசம் இருப்பதே பெயரின் கடைசியில்தான். அப்புறம் திரையின் உயரம். 1366 x 768 திரை கொண்ட லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. உயரம் வெறும் 768 பிக்சல். அதில் விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் 40 பிக்சல் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் 11-இல் அது 48. வேர்டின் மேல்பட்டையும் போனால், படிக்கக் கிடைக்கும் வரிகள் குறைவு. பக்கவாட்டில் மட்டும் இடம் சும்மா கிடக்கும்.

விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்துவந்த வசதி இது. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளிவந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. கூடவே வேறு சிலவும் போயின. ஐகானுக்குப் பக்கத்தில் ஃபைல் பெயர் காட்டுவது, ஒரு ஃபைலை இழுத்து டாஸ்க்பார் ஐகான் மேல் சிறிது நேரம் வைத்திருந்தால் அந்த விண்டோ திறப்பது, இரண்டாவது மானிட்டரில் கடிகாரம், வலது கிளிக்கில் டாஸ்க் மேனேஜர் எல்லாமே முதல் பதிப்பில் இல்லை.

காரணம் தெரிந்ததுதான். பழைய டாஸ்க்பாரைத் திருத்தாமல் புதிதாக எழுதினார்கள். பக்கவாட்டில் வைப்பவர்கள் மொத்தப் பயனர்களில் சிறு பகுதியினர், அதற்கேற்ப எல்லாவற்றையும் அமைப்பது பெரிய வேலை என்பது 2022-இல் மைக்ரோசாஃப்ட் தரப்பு சொன்ன விளக்கம். கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தச் சிறு பகுதியினர் யார்? எட்டு மணி நேரமும் அதே திரையின் முன் உட்கார்ந்து, தங்கள் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் அமைத்துக்கொண்டவர்கள். எத்தனை பேர் என்று எண்ணலாம். ஒருவருடைய நாளில் அது எத்தனை முறை உதவுகிறது என்பது அந்த எண்ணிக்கையில் வராது. இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, இப்போது என்ன செய்யலாம்? என் கண்ணுக்கு நான்கு வழிகள் தெரிகின்றன.

விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடுவது முதல் வழி. எல்லா வசதியும் அப்படியே இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்று உண்டு. 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லாமலும் பெறலாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். இணையமே இல்லாமல் பழைய எழுத்துருக்களுக்காகவும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகவும் மட்டும் ஓடும் அச்சகக் கணினி என்றால் கதை வேறு. அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது, விண்டோஸ் 11-ஐ அப்படியே ஏற்றுக்கொள்வது. நியாயமாகச் சொன்னால், போனதில் பாதி திரும்பிவிட்டது. இரண்டாம் மானிட்டர் கடிகாரம் 2022 தொடக்கத்தில் வந்தது. இழுத்துப்போடும் வசதி அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 22எச்2 பதிப்பில் வந்தது. ஃபைல் பெயர் காட்டுவது 2023-இல் திரும்பியது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதற்குள் ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ என்று போய், பட்டன்களை ஒன்றாக அடுக்குவதற்கான இடத்தில் ‘நெவர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பலருக்கு இது திரும்பி வந்ததே தெரியாது.

பக்கவாட்டில் வைப்பது மட்டும் 2025 செப்டம்பரில் வந்த 25எச்2-இலும் வரவில்லை. அதனால் பெயர் நறுக்கப்படும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வித்தியாசத்தை முன்னால் கொண்டுவாருங்கள். ‘அத்தியாயம் 3 - திருத்தம் 2’ என்பதை ‘03-தி2 அத்தியாயம்’ என்று மாற்றினால், பெயர் எங்கே நறுக்கப்பட்டாலும் அடையாளம் தெரியும். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்தால் அந்த 48 பிக்சலும் கைக்கு வரும். அலுவலகக் கணினியில் நமக்கு அட்மின் உரிமை இருக்காது. அங்கே இதற்கு மேல் செய்ய வழியில்லை.

மூன்றாவது வழியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். விண்டோஸ் 11 மேலேயே ஒரு சிறு மென்பொருளைப் போட்டு, பழைய டாஸ்க்பாரை வரவழைத்துக்கொள்வது. எக்ஸ்ப்ளோரர்பேட்சர் இலவசம், திறமூலம் (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம்). ஸ்டார்ட்ஆல்பேக்குக்குச் சிறு தொகை கட்ட வேண்டும். விண்ட்ஹாக் என்பது பலர் எழுதிய சின்னச் சின்ன மாற்றங்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள உதவும் இலவசக் கருவி. டாஸ்க்பாரைச் செங்குத்தாக்கும் மாற்றமும் அதில் இருக்கிறது.

இவை ஓடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எதை நம்பலாம் என்பதும் புரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ப்ளோரர்பேட்சருக்கு ஒரு வசதி இருந்தது. விண்டோஸ் 10-இன் பழைய டாஸ்க்பார் நிரல் விண்டோஸ் 11-க்குள்ளேயே ஒளிந்து கிடந்தது, அதை எழுப்பிவிட்டாலே போதும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் அந்தப் பழைய நிரலையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் இதைச் செய்பவர் தனியாகவே ஒரு டாஸ்க்பாரை எழுத வேண்டியதாயிற்று. கூலி வாங்காமல் ஒருவர் இவ்வளவு தூரம் போகிறார் என்றால் அவரைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இது உடையலாம். 24எச்2 வந்த சமயத்தில் இந்தக் கருவிகளை நீக்கினால்தான் மேலே போகவிடுவேன் என்று அப்டேட்டே நின்ற சம்பவங்களும் உண்டு.

இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு விஷயம் செய்யுங்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் வரும் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். கருவியின் புதிய பதிப்பு வர அந்த அவகாசம் தேவைப்படலாம். இன்னொன்று, ஒருநாள் காலையில் திரையில் டாஸ்க்பாரே இல்லையென்றால் பதறாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ரன் நியூ டாஸ்க்’ போய் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, அந்தக் கருவியை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாளை காலை அச்சுக்குப் போக வேண்டிய ஃபைல் இருக்கும் கணினியில் நான் இதைப் போட மாட்டேன். நேரம் இருக்கும் கணினியில் தாராளமாகப் போடலாம்.

நான்காவது, விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போவது. இதில் சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள். பட்டையை எந்தப் பக்கமும் வைக்கலாம் என்பது மூன்றுக்கும் பொது. ஆனால் என் தேவைக்கு எக்ஸ்எஃப்சிஇ-தான். அதன் பேனல் அமைப்பில் ‘டெஸ்க்பார்’ என்று ஒரு முறை உண்டு. பட்டை செங்குத்தாக நிற்கும், எழுத்து மட்டும் வழக்கம்போல் கிடைமட்டமாக இருக்கும். வெறும் ‘வெர்ட்டிகல்’ போட்டால் எழுத்துகளும் திரும்பிக்கொள்ளும், கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டும். டெஸ்க்பாரைத் தேர்ந்தெடுத்து, அகலத்தைக் கூட்டி, பட்டன்களில் பெயர் காட்டும் கட்டத்தில் டிக் போட்டால், விட்டுப்போன அந்த வரிசை அப்படியே திரும்ப வந்து நிற்கும். இந்த முறை 2012-இல் சேர்க்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. தட்டச்சுக்கும் குறையில்லை, ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 கிடைக்கும்.

லினக்ஸ் பக்கம் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் பலர் பயன்படுத்தும் திரைச்சூழல் க்னோம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது கீழே இருந்த விண்டோ பட்டியலும் மினிமைஸ் பட்டனும் காணாமல் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினார். நம்முடையதைவிடப் பெரிய இழப்பு அது. ஆனால் அதே ஆண்டில் அர்ஜென்டினாவில் ஒரு பயனர் பழைய க்னோம் 2-இன் நிரலை எடுத்து ‘மேட்’ என்ற பெயரில் வளர்க்கத் தொடங்கினார். மின்ட் குழு சின்னமனை உருவாக்கியது. விருப்பமில்லாத மாற்றம் வந்ததும் பழையதை விரும்பியவர்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடிந்தது, ஏனென்றால் நிரல் எல்லோர் கையிலும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர்பேட்சர் எழுதுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வெளியிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம்தான் என் மனதில் நான்காவது வழியின் பக்கம் தட்டைச் சாய்க்கிறது.

எல்லோரையும் அங்கே கூப்பிட முடியாது என்பதும் தெரியும். இன்டிசைன் லினக்ஸில் ஓடாது. பக்க வடிவமைப்பு பிழைப்பாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. வேர்டுக்குப் பதிலாக அங்கே கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ், வேர்ட் ஃபைலைத் திறக்கும், திருத்தங்களையும் காட்டும். ஆனால் கருத்துக் குறிப்புகளும் அட்டவணைகளும் நிறைந்த ஃபைல் ஆசிரியருக்கும் நமக்கும் நாலு முறை போய்வந்தால் அமைப்பு கலையலாம். கடைசிப் பதிப்பை ஒருமுறை வேர்டில் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

என் வீட்டு லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை சிப். விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் அது வராது. அதில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டிருக்கிறேன். அலுவலகத்தில் விண்டோஸ் 11, ‘நெவர்’ போட்டு, எண் முன்னால் வரும் ஃபைல் பெயர்களோடு ஓடுகிறது. இதை எழுதும்போது வீட்டுத் திரையின் இடப்பக்கம் ஆறு பெயர்கள் நிற்கின்றன. மேலிருந்து மூன்றாவது, இன்னும் திருத்தி முடியாத சொல்லடைவு.